சீஃப் எப்போது தூங்குவார்?

ஈரோட்டிலிருந்து ஒரு அம்மிணி கேட்டிருக்கிறார். கணவருக்கு 46 வயது. அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் பொது மருத்துவத் துறை இணைப் பேராசிரியர், ஒரு யூனிட்டும், அதாவது ஒரு மருத்துவர் குழுவும் அதன் வார்டும், அவர் பொறுப்பில். பாடம் எடுப்பதென்றால் முன்பெல்லாம் அவருக்கு உயிர். ஒரு வருடமாக, எம்.டி. படிக்கும் பி.ஜி. மாணவர்களிடமிருந்து ஃபோன் வந்தாலே கத்துகிறார். வீட்டில் பேச்சில்லை. ஞாயிற்றுக்கிழமை முகம்கூடக் கழுவாமல் சோபாவில் கிடக்கிறார். "ராத்திரி வார்டுல நிக்கறது பி.ஜி. பசங்கதானுங்களே, இவரு வீட்லதான இருக்காரு, இவருக்கு எதுக்குங்க இத்தனை அசதி? இது வேலைப்பளுவா, மனநோயா? நான் என்ன பண்ணட்டும்?" என்பது கேள்வி.

நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். கொங்குப் பக்கத்து அரசுக் கல்லூரிகளில் 24 வருடம் மெடிசின் எடுத்தவன், கடைசி ஒன்பது வருடம் யூனிட் சீஃப். மனநல மருத்துவன் இல்லை. மனநல மருத்துவரிடம் நோயாளியாகப் போய் உட்கார்ந்தவன். அந்தத் தகுதியில்தான் எழுதுகிறேன்.

வீட்டில்தானே இருக்கிறார் என்ற கேள்வியை எடுத்துக்கொள்வோம். என் மாமியாரும் இதையேதான் கேட்பார். என் அப்பாவுக்குக் காங்கயம் பக்கம் தோட்டம். அந்தக் காலத்தில் மும்முனைக் கரண்ட் சில வாரம் பகலில் வரும், சில வாரம் ராத்திரியில் வரும். ராத்திரி முறை வந்தால் மோட்டரைப் போட்டுவிட்டு வந்து கயிற்றுக் கட்டிலில் படுப்பார். தூங்குவார், குறட்டைகூட விடுவார். ஆனால் மோட்டர் சத்தம் நின்ற அடுத்த நொடி எழுந்து உட்கார்ந்திருப்பார். சத்தம் கேட்டு விழிக்கிறவர்கள் ஊரெல்லாம் உண்டு. இவர் சத்தம் நின்றால் விழிக்கிறவர். காலையில் "நல்லாத் தூங்குனீங்களாப்பா" என்று கேட்டால், "தூங்குனேன், ஆனா தூங்குன மாதிரி இல்ல" என்பார். யூனிட் சீஃபின் தூக்கம் இதுதான். ஃபோன் வராத ராத்திரியிலும் காது மட்டும் விழித்திருக்கும். சில நாள் ஃபோன் வராததாலேயே விழிப்பு வரும். ஏன் கூப்பிடவில்லை, ஒன்றும் இல்லையா, இல்லை ஏதோ நடந்து மறைக்கிறார்களா?

அடுத்தது பொறுப்பு. வார்டில் நிற்கும் பையனுக்கு நோயாளி கண்ணெதிரே இருக்கிறார். தொட்டுப் பார்க்கலாம், மூச்சை எண்ணலாம். வீட்டில் கிடக்கும் சீஃபுக்குக் கிடைப்பது நாலு வார்த்தை. "சார், 12-ஆம் பெட், பி.பி. 90/60 இருக்கு சார், கொஞ்சம் டல்லா இருக்காங்க சார்." இந்த 'கொஞ்சம் டல்' என்பதற்கு அர்த்தம் அதைச் சொல்கிறவரைப் பொறுத்தது. புதிதாகச் சேர்ந்த முதல் வருடத்துப் பெண் சொன்னால் நோயாளி தூங்கிக்கொண்டிருக்கலாம். மூன்றாம் வருடத்துப் பையன் அதே வார்த்தையைச் சொன்னால் எழுந்து பேன்ட் போட வேண்டியதுதான், மூச்சுக்கு ட்யூப் போடும் நிலைமை. ஆக நோயாளியின் நாடியை மட்டுமில்லை, பி.ஜி.யின் குரலையும் பிடித்துப் பார்க்க வேண்டும், அதுவும் அரைத் தூக்கத்தில், பத்து நொடியில். தப்பாகப் போனால் காலையில் சொந்தக்காரர்கள் முன்னால் நிற்பது சீஃப். கேஸ் ஷீட்டில் கேள்வி வந்தால் பதில் சொல்வதும் அவர்தான். தன் கையால் செய்யாத வேலைக்குத் தன் பெயரில் பொறுப்பு என்பது, கையால் செய்த வேலையைவிட அதிகமாக ஆளை அரிக்கும். இது என் கருத்து. ஆனால் இந்த வேலையில் இருந்த யாரும் மறுத்து நான் கேட்டதில்லை.

பகலில் நடப்பதைக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் வீட்டில் இருப்பவர்களுக்கு ஓ.பி., ரவுண்ட்ஸ் மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு யூனிட்டுக்கும் வாரத்தில் ஒரு அட்மிஷன் நாள் உண்டு. மறுநாள் காலை ரவுண்ட்ஸில் என் யூனிட்டில் அறுபது பேர் புதிதாகப் படுத்திருப்பார்கள், கட்டில் போதாமல் பாதிப் பேர் பாயில். டெங்கு சீசனில் கணக்கே இல்லை. ஒவ்வொருவரிடமும் நின்று, பி.ஜி. சொல்வதைக் கேட்டு, தப்பைத் திருத்தி, திருத்துவது நோயாளிக்குப் பயமாகத் தெரியாதபடி திருத்தி முடிப்பதற்குள் மணி ஒன்றாகிவிடும். அதற்கு மேல்தான் கல்லூரி வேலை. கோவையில் மருத்துவக் கல்லூரி பீளமேட்டில், அவினாசி ரோட்டில். மருத்துவமனை திருச்சி ரோட்டில், ரயில்வே ஸ்டேஷன் பக்கம். வார்டை முடித்துவிட்டு வகுப்புக்கு ஓடுவது என்றால் அங்கே அது நிஜமாகவே ஊரின் போக்குவரத்தைத் தாண்டி ஓடுவது.

2019-ல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் மாறியது, திறன் அடிப்படையிலான கல்வி என்று. நல்ல திட்டம்தான், நான் குறை சொல்ல மாட்டேன். மாணவன் ஊசி போடக் கற்றுக்கொண்டானா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து லாக் புக்கில் கையெழுத்துப் போட வேண்டும். 150 மாணவர்கள் இருந்தால் கையெழுத்து எத்தனை என்று நீங்களே கணக்குப் போடுங்கள். பி.ஜி. ஒவ்வொருவருக்கும் தீசிஸ், அதாவது ஆய்வேடு, உண்டு. நெறிமுறைக் குழு அனுமதி முதல் எம்.ஜி.ஆர். பல்கலைக்கழகத்துக்குச் சமர்ப்பிப்பது வரை வழிகாட்டியின் தலையில். ஆதார் இணைத்த வருகைப்பதிவு, 2025-ல் அது முகம் காட்டும் பதிவாகவும் ஆனது. ராத்திரி மூன்று மணிக்கு வார்டுக்குப் போய்வந்தவர் காலையில் தாமதமாக வந்தால் அந்த மெஷினுக்கு மூன்று மணிக் கதை தெரியாது.

ஆள் கணக்கும் சேர்ந்துகொண்டது. 2022 ஜனவரி 12 அன்று தமிழகத்தில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. திருப்பூர், நாமக்கல், பக்கத்தில் நீலகிரி எல்லாம் அந்தப் பட்டியலில்தான். கரூர் 2019-லேயே வந்துவிட்டது. நம்ம பக்கத்தில் மாவட்டத்துக்கு ஒரு கல்லூரி வந்ததால் தாராபுரத்துக்காரர் கோவை வரை ஓட வேண்டியதில்லை, அதை மனதாரச் சொல்வேன். ஆனால் பேராசிரியர்கள் நாற்றங்காலில் முளைப்பதில்லை. பழைய கல்லூரியிலிருந்துதான் பிடுங்கி நட வேண்டும். பிடுங்கிய இடத்தில் மிச்சம் இருப்பவர் இரண்டு பேர் வேலையைப் பார்ப்பார். போதாக்குறைக்கு பி.ஜி.க்கள் படிப்பின் நடுவில் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனைப் பணிக்குப் போக வேண்டும். அவர்களுக்கு அது நல்ல அனுபவம், யூனிட்டுக்கு மூன்று மாதம் கை குறைவு. 2021-ல் முதுநிலை நீட் தேர்வு தள்ளிப்போய், கலந்தாய்வு 2022 ஜனவரியில்தான் தொடங்கியது. அந்த இடைவெளியில் முதல் வருடமே இல்லாமல் ஓடிய யூனிட்களில் என்னுடையதும் ஒன்று. ஐம்பது வயதுக்கு மேல் நான் மறுபடி ரத்தம் எடுத்து சாம்பிள் அனுப்பினேன். அதில் அவமானம் ஒன்றுமில்லை. முதுகுதான் வலித்தது.

இனி 'பி.ஜி.க்களுக்காவது வேலை நேர வரம்பு இருக்கிறதே' என்று சிலர் சொல்லும் விஷயம். காகிதத்தில் இருக்கிறது. 1992-லேயே மத்திய அரசு, பி.ஜி. போல வார்டில் பயிற்சி பெறும் ரெசிடென்ட் மருத்துவர்களுக்கு, தொடர் பணி சாதாரணமாக நாளுக்கு 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, வாரத்துக்கு 48 என்று எழுதி வைத்தது. 2023-ன் முதுநிலைக் கல்வி விதிமுறை 'நியாயமான நேரம்' என்று மட்டும் சொன்னது. 2024-ல் தேசிய மருத்துவ ஆணையத்தின் மனநலப் பணிக்குழு, வாரத்துக்கு 74 மணிக்கு மேல் வேண்டாம், வாரம் ஒரு நாள் விடுப்பு, வருடத்துக்கு ஒருமுறை பத்து நாள் ஓய்வு என்று பரிந்துரைத்தது. அந்தக் குழுவின் கருத்துக் கணிப்பில் பதில் சொன்ன பி.ஜி.க்களில் 31 சதவீதத்துக்கும் மேல் தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொல்லியிருந்தார்கள். படித்துவிட்டு அன்று சாப்பாடு இறங்கவில்லை. அந்தப் பையன்கள் படும் பாட்டை நான் குறைத்துச் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். அதே கணிப்பில் 7,035 ஆசிரியர்களும் பதில் எழுதினார்கள். ஆனால் மணிக்கணக்கு என்று வரும்போது மேலே சொன்ன எல்லாம் பயிற்சி மருத்துவருக்குத்தான். சீஃபுக்கு எத்தனை மணி என்று எந்தத் தாளிலும் நான் பார்த்ததில்லை. 2022 டிசம்பரில் தமிழக அரசு மருத்துவக் கல்லூரிகளில் 'மனம்' என்று மனநல நல்லாதரவு மன்றங்களைத் தொடங்கியது, அதுவும் மாணவர்களை மனதில் வைத்து.

வெளிநாட்டிலும் இதே கதைதான். 1984-ல் நியூயார்க்கில் லிபி ஜையன் என்ற இளம்பெண், களைத்த பயிற்சி மருத்துவர்களின் கையில் இறந்துபோனாள். அதன் பிறகு 1989-ல் அந்த மாநிலம் வாரத்துக்கு 80 மணி என்று வரம்பு வைத்தது. 2003-ல் அமெரிக்கா முழுக்க அதே வரம்பு வந்தது. எல்லோருக்கும் நினைவிருப்பது 80 என்ற எண். ஆனால் அந்த வழக்கில் எழுந்த பெரிய கேள்வி, ராத்திரியில் அந்தப் பயிற்சி மருத்துவர்களுக்கு மேல் சீனியர் யாரும் பக்கத்தில் இல்லையே என்பது. நேரத்தைக் குறைத்து, மேற்பார்வையையும் கூட்டினால் அந்த மேற்பார்வை யார் ராத்திரியிலிருந்து வரும்? சீஃப் ராத்திரியிலிருந்துதான்.

சரி, உங்கள் வீட்டுக்காரர் கத்துவதற்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு உறைத்தது அந்த வரிதான்.

நானும் கத்தியவன். ஒரு ஆனி மாதம், ராத்திரி ஒன்றரைக்கு இரண்டாம் வருடப் பையன் கூப்பிட்டான், ஏதோ சோடியம் அளவு பற்றி. அந்த வாரத்தில் அது எத்தனையாவது ஃபோன் என்று தெரியாது. "இதுக்கெல்லாமாடா கூப்புடுவ, எம்.டி. படிக்கிறயா, மாடு மேய்க்கிறயா" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அடுத்த வாரம் அட்மிஷன் நாள். அந்தியூர் பக்கத்துச் சாளைக் குடிசையில் தரையில் படுத்திருந்த 19 வயதுப் பெண்ணை வயிற்றுவலி என்று நள்ளிரவில் கொண்டுவந்தார்கள். உடம்பில் கடித்த தடம் எதுவும் இல்லை. வயிறு மெத்தென்று இருந்தது. பையனுக்கு ஏதோ பொருந்தவில்லை, என்னைக் கேட்கலாமா என்று ஃபோனைக் கையில் எடுத்திருக்கிறான், வைத்துவிட்டான், வயிற்றுப்புண் ஊசி எழுதிவிட்டான். நாலே முக்காலுக்கு அந்தப் பெண்ணுக்கு இமை தூக்க முடியவில்லை. ஐந்து மணிக்கு எச்சில் விழுங்க முடியவில்லை. கட்டுவிரியன். தரையில் தூங்கினவர், நடுராத்திரி வயிற்றுவலி, கடி தெரியாது, விடிகாலையில் இமை இறங்கும், பாடப் புத்தகத்தில் அப்படியே இருக்கும். நான் ஃபோனில் கேட்டிருந்தால் முதல் கேள்வியே 'எங்கே படுத்திருந்தாங்க' என்பதாகத்தான் இருந்திருக்கும்.

விஷமுறிவு மருந்து போய், வென்டிலேட்டரில் நாலு நாள் இருந்து, அந்தப் பெண் பிழைத்து நடந்து போனாள். ஏன்டா கூப்பிடலை என்று பையனைக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "நீங்க அன்னைக்கு ரொம்ப டயர்டா இருந்தீங்க சார்" என்றான். பயந்தேன் என்று சொல்லவில்லை, மரியாதையாகச் சொன்னான். அது இன்னும் மோசமாக இருந்தது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், சீஃபின் களைப்பு முதலில் அவர் உடம்பில் தெரியாது, அவர் கீழே இருப்பவரிடம் பேசும் பேச்சில் தெரியும். ரத்த அழுத்தமும் தூக்கமின்மையும் அப்புறம்தான். நன்றாகப் பாடம் சொன்னவர் ஒருநாள் கேள்வி கேட்டாலே எரிகிறார் என்றால், அது குணம் கெட்டதல்ல, சரக்கு தீர்ந்துபோனது. அதற்காகக் கத்துவது சரி என்று ஆகாது. களைப்பில்லாமலே, சுகமாகத் தூங்கி எழுந்து வந்து பி.ஜி.க்களை மிதிக்கும் சீஃப்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது மருந்தல்ல, நடவடிக்கை. உங்கள் வீட்டுக்காரர் அந்த ரகமில்லை என்று நீங்கள் எழுதியதிலேயே தெரிகிறது. முன்பு அப்படி இல்லாதவர் மாறியிருக்கிறார்.

வேலைப்பளுவா, மனநோயா? பர்ன்அவுட் என்று சொல்வதை உலக சுகாதார நிறுவனம் 2019-ல் நோய்ப் பட்டியலின் புதிய பதிப்பில் சேர்த்தபோது, இது நோயல்ல, வேலையோடு சேர்ந்த நிலைமை என்று தெளிவாகவே எழுதியது. மூன்று அடையாளம்: சக்தி வற்றிப்போவது, வேலையின் மீதே ஒரு கசப்பும் விலகலும், நான் செய்வதில் பிரயோஜனமில்லை என்ற எண்ணம். மனச்சோர்வு நோய் வேறு. நடைமுறையில் நான் பிரித்துப் பார்ப்பது இப்படி. ஊட்டியோ குலதெய்வக் கோயிலோ, நாலு நாள் ஃபோனில்லாமல் போனால் ஆள் திரும்பக் கிடைக்கிறாரா? கிடைத்தால் பெரும்பாலும் வேலைக் களைப்பு. நாலு நாள் போயும் அதே முகம், பிடித்த அரிசிம்பருப்பு சாதத்தை முன்னால் வைத்தாலும் ருசியில்லை, விடிகாலை மூன்றரைக்கு விழித்துப் பிறகு தூக்கமில்லை, 'நான் எதுக்கும் லாயக்கில்ல' என்ற பேச்சு, இதெல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் நாள் தவறாமல் இருந்தால் அது மனச்சோர்வின் பக்கம். நீங்கள் எழுதிய ஞாயிற்றுக்கிழமை சோபா எனக்கு இந்தப் பக்கமாகத்தான் படுகிறது. முதலாவது இரண்டாவதாக மாறுவதும் உண்டு, இரண்டும் ஒன்றாக இருப்பதும் உண்டு. பி.ஹெச்.க்யூ. 9 என்று ஒன்பது கேள்விச் சீட்டு ஒன்று இருக்கிறது. நோயாளிகளுக்கு அவரே கொடுத்திருப்பார். 27-க்கு 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று மற்றவர்களுக்குச் சொல்லியிருப்பார். தனக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். போடமாட்டார். என் வீட்டுக்காரி கேள்வியைப் படித்து, என் பதிலைக் கேட்காமலே, தானே எனக்கு மார்க் போட்டாள். 16 வந்தது. நானாகப் போட்டிருந்தால் 6 போட்டிருப்பேன்.

அதோடு உடம்பையும் விட்டுவிடக் கூடாது. தைராய்டு, சர்க்கரை, ரத்த அளவு, பி-12, குறட்டை விடுபவர் என்றால் தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்பது. மருத்துவர்கள் தங்களுக்கு ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது அபூர்வம். 46 வயது மெடிசின் வாத்தியாருக்குத் தன் சர்க்கரை அளவு தெரியாமல் இருப்பதை நான் பல பேரிடம் பார்த்திருக்கிறேன்.

மருத்துவர்களுக்கென்றே ஒரு ஆபத்து உண்டு. மருந்துச் சீட்டு அவர்கள் கையிலேயே இருக்கிறது. நான் ஏழு மாதம் அல்ப்ராசோலம் போட்டுத் தூங்கினேன், சாம்பிள் பெட்டியிலிருந்து. நோயாளி யாராவது அப்படிச் செய்தால் திட்டித் தீர்த்திருப்பேன். அது தூங்க வைத்தது, சரி பண்ணவில்லை; பிறகு விடுவதற்கே தனியாக ஒரு பாடு பட்டேன். உங்கள் வீட்டில் அலமாரியைப் பாருங்கள். சாயங்கால கிளினிக் முடிந்து வந்து ரெண்டு பெக் போடுகிற பழக்கம் நாலாகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கிளினிக் என்று சொன்னதும் இன்னொன்று. தமிழகத்தில் அரசு மருத்துவர் பணிநேரத்துக்கு வெளியே தனியாகப் பார்க்கத் தடையில்லை. நம்ம பக்கத்தில் அதுவும் ஒரு கௌரவம். கல்லூரி முடிந்து ஆறிலிருந்து பத்து வரை கிளினிக், கட்டினது கடனில், எக்கோ மெஷின் வாங்கினது இன்னொரு கடனில். சும்மா உட்கார்ந்திருப்பவனை நம்ம ஊரில் ஆளாகவே மதிக்க மாட்டார்கள், 'ஒடம்பு நோகாத வேலை' என்று நாற்காலி வேலையைச் சொல்கிற ஊர். அந்த ஊரில் பிறந்தவன் 'எனக்கு முடியலை' என்று சொல்ல நாக்கு வராது. இந்தக் கணக்கை அவரோடு உட்கார்ந்து நீங்கள்தான் போட முடியும்: வாரத்தில் இரண்டு நாள் கிளினிக்கை மூடினால் தவணைக்கு எவ்வளவு துண்டு விழும்? எங்கள் வீட்டில் போட்டுப் பார்த்தபோது பயந்த அளவுக்கு விழவில்லை. கொடிவேரிப் பக்கம் வாங்கிப் போட்டிருந்த இடத்தை விற்றோம், அது வேறு கதை.

நான் எப்படிப் போனேன் என்றும் சொல்கிறேன். பாம்புக் கேஸுக்கு அப்புறம் இரண்டு மாதம் கழித்து ஒரு காலை, மருத்துவமனை வளாகத்தில் காரை நிறுத்திவிட்டு இறங்க முடியவில்லை. நோவு ஒன்றுமில்லை. கை கதவுப் பிடியில் இருக்கிறது, திறக்கவில்லை. வாட்ச்மேன் வந்து கண்ணாடியைத் தட்டி, "ஏனுங் சார், ஏசி வேலை செய்யலீங்களா" என்று கேட்டார். ஆமாங்க என்று சொல்லி இறங்கிப் போய் ரவுண்ட்ஸ் எடுத்தேன். யாருக்கும் தெரியாது. அன்று ராத்திரி வீட்டில் சொன்னேன். எங்கள் ஊரிலேயே மனநல மருத்துவர் இருக்கிறார், நல்ல நண்பர், அவரிடம் போகவில்லை; அவர் கிளினிக் வாசலில் என் நோயாளிகள் உட்கார்ந்திருப்பார்கள். கோவைக்குப் போனோம். அங்கே பார்த்த மனநல மருத்துவர் முதலில் கேட்டது மருந்தைப் பற்றியல்ல, "ராத்திரி உங்க ஃபோனை வேற யாரு எடுக்க முடியும்?" என்றுதான். யாரும் எடுக்க முடியாது என்றேன். "அப்ப நீங்க செத்துப் போனா?" என்றார். கோபம் வந்தது. எஸ்சிடலோப்ராம் என்ற மனச்சோர்வு மாத்திரை எழுதினார், மூன்று வாரம் ஒன்றும் தெரியவில்லை, நாலாவது வாரம் ஒருநாள் ரவுண்ட்ஸில் ஒரு ஹவுஸ் சர்ஜன் கேட்ட கேள்விக்கு உட்கார்ந்து படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தேன், பாதியில்தான் எனக்கே உறைத்தது. எட்டு மாதம் சாப்பிட்டு, அவர் சொன்னபடி குறைத்து நிறுத்தினேன்.

வெளியே தெரிந்தால் வேலைக்கு, பதிவுக்கு ஆபத்து வருமோ என்று உங்கள் வீட்டுக்காரர் பயப்படுவார். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையைத் தருகிறது. கல்லூரிக்கு யாரும் கடிதம் அனுப்பப் போவதில்லை. பேர் சொல்லாமல் முதலில் பேசிப் பார்க்க வேண்டுமென்றால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம், நீங்களும் பேசலாம்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். 'நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி', 'எல்லாம் போதும்' என்கிற மாதிரி பேச்சு வந்திருந்தால், சாகணும்னு தோணுதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. கேட்டால் பாரம் இறங்கும். ஆமாம் என்றால் அன்றைக்கே மருத்துவர், தனியாக விடக் கூடாது, கிளினிக் மருந்து அலமாரியின் சாவி உங்கள் இடுப்பில். அட்மிஷன் நாளாக இருந்தாலும் சரிதான்.

யூனிட்டில் என்ன மாற்றலாம் என்பது அவருக்காக எழுதுவது, காட்டுங்கள். ஒரு சீஃப், இரண்டு உதவிப் பேராசிரியர் (ஏ.பி.) என்றால் ராத்திரி முதல் ஃபோன் யாருக்கு என்று முறை போட்டு டியூட்டி ரூம் சுவரில் ஒட்டலாம். என் ஏ.பி.க்கள் இரண்டு பேரும் 'எங்களைக் கேட்டா போதும்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்' என்றார்கள். அத்தனை நாள் அவர்களை நம்பாமல் இருந்தது நான்தான். அடுத்தது, கேட்காமல் விடக் கூடாதவை என்று ஒரு தாள்: நினைவு மங்கினால், மூச்சு 30-க்கு மேல் போனால், பி.பி. இறங்கினால், தரையில் படுத்தவர் வயிற்றுவலி என்றால், எதுவும் பொருந்தவில்லை என்று தோன்றினால்கூட. இந்தக் கடைசியைச் சிவப்பு மையில் எழுதினேன். அப்புறம், ராத்திரி பத்து மணிக்கும் காலை ஐந்தரைக்கும் முறைக்காரரே வார்டைக் கூப்பிட வேண்டும், பி.ஜி. கூப்பிடக் காத்திருக்கக் கூடாது. நாமாகக் கூப்பிட்டால் சின்னச் சந்தேகமெல்லாம் அந்தப் பத்து மணிக்கே தீர்ந்துவிடும், நடுராத்திரிக்கு நிஜமான கேஸ் மட்டும் மிஞ்சும். எழுதி வைக்கும்போது சாதாரணமாகத்தான் இருக்கும். எனக்கு இரண்டாவது வாரமே விடிய விடியத் தூக்கம் வந்தது; தூங்கின மாதிரியே இருந்தது.

வேலை ஆள் எண்ணிக்கையும் மெஷினும் லாக் புக்கும் இதனால் மாறாது. அதற்குச் சங்கம் இருக்கிறது, கேட்க வேண்டிய இடத்தில் கேட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும், ஆசிரியருக்கும் மணிக்கணக்கு வை என்று. அது வரும்வரை உங்கள் வீட்டுக்காரர் காத்திருக்க முடியாது.

லீவு போடுங்கள் என்று மட்டும் அவரிடம் ஆரம்பிக்காதீர்கள். யூனிட்டை யார் பார்ப்பது என்று சண்டையாகத்தான் முடியும். ஒரு சனிக்கிழமை மத்தியானத்துக்குக் கோவையில் நேரம் வாங்குங்கள், உங்கள் பேரில் வாங்கினாலும் தப்பில்லை. ரத்தப் பரிசோதனைத் தாள்களையும் அலமாரியில் இருக்கும் மாத்திரை அட்டைகளையும் ஒரு கவரில் போட்டுக்கொள்ளுங்கள். வண்டியை நீங்கள் ஓட்டுங்கள். கிளம்பும் முன்னால், சாயங்காலம் வரை ஏ.பி.யைக் கூப்பிடச் சொல்லி அவரே டியூட்டி பி.ஜி.க்கு ஒரு வார்த்தை சொல்லட்டும், இல்லையென்றால் பெருந்துறை தாண்டுவதற்குள் மூன்று தடவை அடிக்கும்.